வீட்டுத் தோட்டத்துக்குத் தேனீக்கள் வர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முற்றத்திலோ மொட்டை மாடியிலோ செடி வைத்திருப்பவர்கள் தேனீக்களைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் தமிழ்நாட்டுச் சமவெளியை மனதில் வைத்து எழுதியவை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்குச் செடிகளும் பூக்கும் மாதங்களும் மாறும்.

தோட்டம் முழுக்கப் பூ இருக்கிறது. ஆனாலும் தேனீ வருவதில்லையே, ஏன்?

என்னென்ன பூ என்று முதலில் பாருங்கள். நம் வீடுகளில் வழக்கமாக இருப்பவை மல்லிகை, அரளி, நந்தியாவட்டை, அடுக்குச் செம்பருத்தி, இட்லிப்பூ, காகிதப்பூ, நடுவே நிறத்துக்காக இரண்டு குரோட்டன்ஸ். சாமி படத்துக்கும் தலைக்கும் இவை போதும். தேனீக்கு இதில் சாப்பாடு மிகக் குறைவு.

மல்லிகையை நாம் மொட்டாகவே பறித்துவிடுகிறோம். தப்பித்து மலர்ந்தாலும் அது இரவில் வரும் அந்துப்பூச்சிக்கான பூ. அரளியில் தேனே கிடையாது. நிறத்தையும் மணத்தையும் காட்டிப் பூச்சியை ஏமாற்றுகிற செடி அது. இட்லிப்பூவின் குழல் நீளமானது, பட்டாம்பூச்சிக்குத்தான் எட்டும். அடுக்குப் பூக்களில் மகரந்தம் தர வேண்டிய தாள்கள் இதழ்களாக மாறிப்போயிருக்கும். பூ பெரிதாக, அழகாக இருக்கும். உள்ளே தேட ஒன்றும் இருக்காது.

இவற்றைப் பிடுங்கச் சொல்லவில்லை. பக்கத்தில் தேனும் மகரந்தமும் உள்ள நாலு செடி வையுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு மாற்றமே போதும்.

அப்படியானால் எதை வைப்பது?

நாட்டுத் துளசி, திருநீற்றுப்பச்சிலை, டேபிள் ரோஸ், ஒற்றை இதழ் காஸ்மோஸ், சூரியகாந்தி, கொடிரோஸ். மரம் வைக்க இடமிருந்தால் முருங்கை, கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா. தெருவோரம் இடம் கிடைத்தால் புங்கம். தென்னை இருக்கிற வீட்டுக்காரர் பாதி வேலையை முடித்துவிட்டார். பாளை வெடித்த மரத்தில் காலையில் காதை வைத்துக் கேட்டால் தெரியும்.

டேபிள் ரோஸைப் பத்து மணிப் பூ என்றும் சொல்வார்கள். வெயில் ஏறினால்தான் விரியும். அதற்குப் பக்கத்தில் காலை பத்து மணிக்கு நின்று பாருங்கள், உங்கள் பகுதியில் என்னென்ன தேனீ இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வாங்கும்போது ஒற்றை அடுக்கு ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். நர்சரியில் அடுக்கு ரகத்தைத்தான் முன்னால் வைத்திருப்பார்கள். சூரியகாந்தியிலும் கவனம் வேண்டும். பூங்கொத்துக்காக உருவாக்கிய சில ரகங்களில் மகரந்தமே இருக்காது. எண்ணெய்க்குப் போடும் சாதாரண விதையே நல்லது.

ஒன்றிரண்டு செடியாகச் சிதறி வைக்காமல், ஒரே வகையில் நாலைந்து தொட்டிகளைச் சேர்த்து வையுங்கள். தேனீ ஒரு சுற்றில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவையே தேடிப் போகும். தனியாக நிற்கும் ஒற்றைச் செடிக்காக அவ்வளவாக மெனக்கெட்டு வராது.

காசு செலவில்லாமல் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். காய்கறித் தோட்டத்தில் எல்லாவற்றையும் அறுவடை செய்யாதீர்கள். கொத்தமல்லியில் ஒரு தொட்டியைப் பூக்க விடுங்கள். முற்றிப்போன முள்ளங்கியில் இரண்டை மண்ணிலேயே விட்டால் உயரமாகத் தண்டு விட்டு வெள்ளையும் ஊதாவுமாகப் பூக்கும். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகை ஒரு சிட்டிகை தூவினாலும் முளைத்துப் பூத்துவிடும். கொத்தமல்லிப் பூ மிகச் சிறியது, அதனால் சின்னச் சின்னத் தேனீக்கள் எல்லாம் அதற்கு வரும். பிறகு விதையும் உங்களுக்குத்தான்.

அப்புறம், களை என்று பிடுங்கிப் போடுகிறவற்றில் தும்பையையும் வெட்டுக்காயப் பூண்டையும் ஒரு மூலையில் விட்டு வையுங்கள். மழைக்குப் பிறகு வேறு பூக்கள் குறைவாக இருக்கும்போது அவைதான் கைகொடுக்கும்.

துளசிக் கதிரைக் கிள்ளிவிட வேண்டும் என்று அம்மா சொல்கிறாரே?

அம்மா சொல்வது சரிதான். கதிர் முற்றி விதை பிடித்தால் செடி சீக்கிரம் காய்ந்துபோகும். அதனால் பாதியை மட்டும் கிள்ளுங்கள். பூத்து முடிந்த கதிர்களை முதலில் எடுங்கள், பூத்துக்கொண்டிருப்பதை விட்டுவிடுங்கள். துளசி நன்றாக இருக்கும், தேனீக்கும் தினமும் ஏதாவது இருக்கும். இரண்டு செடி இருந்தால் இன்னும் சுலபம். மாடத்தில் இருப்பதைக் கிள்ளி வளருங்கள், மாடியில் இருப்பதைச் சும்மா விட்டுவிடுங்கள்.

வருஷம் முழுக்கப் பூ இருக்க வேண்டுமா?

இருந்தால் நல்லது. எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். மாசி முதல் வைகாசி வரை தேனீக்குப் பஞ்சமில்லை. முருங்கை, வேம்பு, புங்கம், நாவல், கறிவேப்பிலை என்று ஊரே பூத்துக் கிடக்கும். அந்த மாதங்களில் உங்கள் தோட்டத்தை அது பெரிதாக நம்பியிருக்காது.

ஆடிக்குப் பிறகு நிலைமை மாறும். மரங்கள் பூத்து ஓய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை என்றால் வெளியே போகவே முடியாத நாட்களும் வரும். இந்தக் காலத்தில் பூக்கிறவைதான் உங்கள் தோட்டத்தின் உண்மையான உதவி. துளசி, டேபிள் ரோஸ், கொடிரோஸ் மூன்றும் அநேகமாக எப்போதும் பூ வைத்திருக்கும். ஆடிப்பட்டத்தில் போட்ட துவரையும் அவரையும் கார்த்திகையிலிருந்து தை வரை பூக்கும். மழை விட்டதும் தும்பை வரும். மார்கழியில் கொத்தமல்லியும் கடுகும் போட்டால் தை மாதத்தை ஓட்டிவிடலாம். அதற்குள் முருங்கை மறுபடி மொட்டு விட்டிருக்கும்.

கொடிரோஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த கொடி, விட்டால் பக்கத்து வீட்டு மதில் வரை பிடித்துக்கொள்ளும். வெட்டிப் பராமரிக்க நேரமில்லாதவர்கள் வைக்க வேண்டாம்.

பூசணி, சுரை, பீர்க்கு எல்லாம் பிஞ்சிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. தேனீ இல்லாததுதான் காரணமா?

பல நேரங்களில் ஆமாம், ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அதற்குள் ஒரு தேனீ ஆண் பூவிலிருந்து மகரந்தத்தை எடுத்துக்கொண்டு பெண் பூவுக்குப் போக வேண்டும். ஒரு தடவை போனால் போதாது, பல தடவை போனால்தான் காய் முழுதாகத் திரளும். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி போல ஒரு உருண்டை இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். தேனீ வராத மாடியாக இருந்தால் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடுங்கள். கொடி பூக்கத் தொடங்கும்போது சில நாட்கள் ஆண் பூக்களாகவே வரும், பதற வேண்டாம்.

சுரை, பீர்க்கு, புடலை மூன்றும் மாலையில் அல்லது இருட்டியபின் விரிபவை. அவற்றுக்கு முக்கியமான விருந்தாளி அந்துப்பூச்சி. இவற்றைக் காலை எட்டு மணிக்குப் போய்த் தொட்டால் நேரம் தாண்டியிருக்கும். கையால் சேர்ப்பதானால் பொழுது சாய்ந்ததும் செய்யுங்கள்.

பிஞ்சில் ஊசி குத்தியது போலப் புள்ளி இருந்து, அந்த இடத்தில் அழுகினால் அது பழ ஈயின் வேலை. அதற்கும் தேனீக்கும் தொடர்பில்லை.

தக்காளி, கத்தரிக்குத் தேனீ தேவையா?

காற்றிலேயே ஓரளவு காய்க்கும். தேனீ வந்தால் கூடுதலாகக் காய்க்கும், ஆனால் எல்லாத் தேனீயாலும் அது முடியாது. இந்தப் பூக்களில் மகரந்தம் ஒரு சின்னக் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், உலுக்கினால்தான் நுனித் துளை வழியாகக் கொட்டும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. நீலப்பட்டைத் தேனீக்குத் தெரியும். வயிற்றில் பளபளக்கும் நீல வரிகள் உள்ள, ஓரிடத்தில் நிற்காமல் விர்ரென்று திரும்பும் தேனீ அது. பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிரவிடும். அருகில் நின்றால் சத்தம் கேட்கும். தச்சுத் தேனீயும் இதைச் செய்யும். இரண்டுமே இல்லை என்றால் காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் தக்காளிப் பூ உதிர்வது பெரும்பாலும் சூட்டினால். அதற்குத் தேனீயைக் குறை சொல்ல முடியாது.

தேனீ என்றால் கூடு கட்டித் தேன் சேர்ப்பதுதானே? இதென்ன புதுப் பெயர்கள்?

இந்தியாவில் எழுநூறுக்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன. அவற்றில் அடை கட்டித் தேன் சேர்ப்பவை கைவிரலில் எண்ணக்கூடியவை. மலைத்தேனீ, பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இத்தாலியத் தேனீ, வேலியில் கையளவு ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ, சுவர் ஓட்டைக்குள் இருக்கும் கொசுத்தேனீ. நீங்கள் பார்க்கக்கூடிய கூட்டுத் தேனீக்கள் இவ்வளவுதான்.

மற்றவை பெரும்பாலும் தனியாக வாழ்பவை. ராணி, வேலைக்காரி என்ற ஏற்பாடே கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே ஒரு ஓட்டை தேடி, மகரந்தத்தை உருட்டி வைத்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். பாதுகாக்கத் தேனடை இல்லாததால் இவை துரத்திக் கொட்டுவதில்லை. வீட்டுத் தோட்டத்துக்கு இவைதான் மிகவும் பொருத்தம், ஆனால் இவற்றைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

இவற்றுக்குக் கூடு கட்ட இடம் கொடுக்க வேண்டுமா?

பூவுக்கு அடுத்து முக்கியமானது அதுதான். தனித்தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் குடியிருப்பவை. இப்போது கட்டுகிற வீடுகளில் மதிலிலிருந்து வாசல் வரை சிமெண்ட், இல்லையென்றால் டைல்ஸ் போட்ட தரை. துடைக்கச் சுகமாக இருக்கும். தேனீ தோண்ட ஒரு சாண் இடம் மிஞ்சாது.

வெயில் படுகிற, தண்ணீர் தேங்காத ஒரு மூலையில் இரண்டு மூன்று அடி மண்ணைச் சும்மா விட்டுவிடுங்கள். கொத்த வேண்டாம், மூடாக்குப் போட வேண்டாம், தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பழைய மண்சுவர் இருந்தால் பூசி மெழுகாமல் விடுங்கள். நீலப்பட்டைத் தேனீக்கு அது மிகவும் பிடித்த இடம். மாடியில் மட்டும் தோட்டம் இருப்பவர்கள் ஒரு பெரிய தொட்டியில் செம்மண்ணை அழுத்தி நிரப்பி, எதுவும் நடாமல், மழை படாத இடத்தில் வைத்துப் பார்க்கலாம். வரும் என்று உத்தரவாதம் தர முடியாது.

கடையில் விற்கும் ‘தேனீ வீடு’ வாங்கலாமா?

வேண்டாம். பாதிக்குப் பாதி அலங்காரம்தான். மூங்கில் கிடைத்தால் நீங்களே செய்துவிடலாம். உள் துளை பென்சில் கனத்துக்குள் இருக்கும் மெல்லிய மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு, ஒரு முனையில் கணு இருக்கும்படி நறுக்குங்கள். திறந்த முனையில் சிலாம்பு இல்லாமல் தேய்த்து, பத்துப் பதினைந்து துண்டுகளைக் கட்டி, படுக்கைவாட்டில், கிழக்குப் பார்த்து, சாரல் அடிக்காத இடத்தில் ஆடாமல் பொருத்துங்கள். எறும்பு ஏறினால் எல்லாம் வீண். தொங்கவிடுகிற கம்பியில் கிரீஸ் தடவுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை காலியான துண்டுகளை மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சையும் ஒட்டுண்ணியும் சேரும்.

வாயில் இலைத்துண்டோ மண்ணோ அடைத்திருந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். மண் அடைப்பு சில நேரம் குளவியுடையதாகவும் இருக்கும். இருக்கட்டும், அது உங்கள் செடியின் புழுக்களைப் பிடித்துப் போகிறது.

ரோஜா இலையை யாரோ வட்டமாகக் கத்தரித்தது போல இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள். அது இலைவெட்டித் தேனீ. துண்டுகளைக் கொண்டுபோய்க் கூட்டுக்குள் சுருட்டி வைக்கும். இலையைத் தின்பதில்லை, செடிக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. காகிதப்பூ இலையையும் இப்படி வெட்டும்.

பெரிய கறுப்பு வண்டு ஒன்று பந்தல் கம்பைத் துளைக்கிறது.

அது வண்டு இல்லை, தச்சுத் தேனீ. முருங்கைப் பூவுக்கும் பாஷன் ஃப்ரூட்டுக்கும் இதுதான் நல்ல உதவியாளர். பந்தலைக் காப்பாற்ற வேண்டுமானால் மரத்துக்குப் பெயிண்ட் அடியுங்கள், பெயிண்ட் அடித்த மரத்தை அது அவ்வளவாகத் தொடாது. காய்ந்த கட்டை ஒன்றைத் தோட்ட மூலையில் சாத்தி வைத்தால் அங்கே குடிபோகும். அச்சமூட்டும் சத்தத்தோடு முகத்துக்கு நேரே பறப்பது பெரும்பாலும் ஆண். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது.

வேப்பெண்ணெய் தெளிக்கலாமா? இயற்கை மருந்துதானே?

இயற்கை என்பதாலேயே ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. சோப்புக் கரைசலோ எண்ணெயோ தேனீ மேல் நேராகப் பட்டால் அதற்குக் கெடுதல்தான். ஆனால் நேரம் பார்த்துச் செய்தால் வேப்பெண்ணெய் பெரிய சிக்கல் தராது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, எண்ணெய் தண்ணீரோடு கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல். பொழுது சாய்ந்து தேனீக்கள் போனபின், பூவை விட்டுவிட்டு இலையின் அடிப்பக்கத்தில் தெளியுங்கள். அசுவினிக்கு முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

உரக்கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற இமிடாகுளோபிரிட், தயமீத்தாக்சம் என்ற பூச்சிக்கொல்லிகள் இரண்டையும் வீட்டுத் தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள். இவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் வந்து சேரும் ரகம். அதனால் மாலையில் அடித்தேன், பூவில் படவில்லை என்ற சமாதானமெல்லாம் இதில் செல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றைத் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்ததற்குத் தேனீக்களே காரணம்.

தண்ணீர் வைக்க வேண்டுமா? கொசு வராதா?

கோடையில் கட்டாயம் வையுங்கள். கூட்டைக் குளிர்விக்கத் தேனீக்குத் தண்ணீர் வேண்டும். அகலமான மண் தட்டில் கூழாங்கல் போட்டு, கல்லின் தலை வெளியே தெரியும்படி ஊற்றுங்கள். ஆழமான கிண்ணம் என்றால் விழுந்து செத்துப்போகும். இரண்டு நாளுக்கு ஒரு முறை கொட்டிவிட்டு மாற்றினால் கொசுப் புழு வளர நேரம் கிடைக்காது. இடத்தை மட்டும் மாற்றாதீர்கள், பழகிய இடத்துக்குத்தான் திரும்ப வரும்.

சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைத்தால் இன்னும் நிறைய வருமே?

வரும், எறும்பும் குளவியும் சேர்ந்து வரும். ஒரே தட்டில் பல கூட்டங்கள் மொய்த்தால் நோயும் பரவும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. பெட்டி வளர்த்தவர்கள் பலர் தொழிலையே விட்டார்கள். கடைத் தேனைத் தோட்டத்தில் வைப்பது இப்படிப்பட்ட நோய்களுக்கு வழி திறந்துவிடுவது. பாயசம், ஜூஸ் மிச்சம் உள்ள பேப்பர் கப்பையும் திறந்து போடாதீர்கள், அதற்குள் விழுந்து சாகிற தேனீக்கள் ஏராளம்.

காலையில் பால்கனி ட்யூப்லைட்டுக்கு அடியில் தேனீக்கள் செத்துக் கிடக்கின்றனவே?

அவை மலைத்தேனீக்கள். நிலா வெளிச்சத்தில் பறக்கும் வழக்கம் உள்ளவை, அதனால் விளக்கைப் பார்த்து வந்து சுற்றிச் சுற்றிச் சாகின்றன. பக்கத்தில் எங்கோ கூடு இருக்கிறது. இரவில் அந்த விளக்கை அணையுங்கள், உள்விளக்குக்குத் திரை போடுங்கள். தரையில் கிடப்பவற்றை வெறுங்காலால் மிதிக்க வேண்டாம். செத்த தேனீயின் கொடுக்கும் குத்தும்.

அடுக்குமாடியில் பெரிய தேன்கூடு கட்டிவிட்டது. எரித்துவிடலாம் என்கிறார்கள்.

தீப்பந்தத்தால் நடந்த விபத்துகள் நிறைய. மலைத்தேனீ ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு மற்றவை கூட்டமாக வரும், இதில் வீரம் காட்டக்கூடாது. யாரும் நெருங்காத உயரத்தில் இருந்தால் சும்மா விடுங்கள். பூக்காலம் முடிந்ததும் அவையே கிளம்பிவிடும். காலி அடையைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஜன்னலுக்குப் பக்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ என்றால் தீயணைப்புத் துறையையோ அனுபவமுள்ள தேன் எடுப்பவரையோ கூப்பிடுங்கள். மரக்கிளையில் அடை இல்லாமல் வெறும் தேனீக்கொத்து தொங்கினால் அது இடம் தேடிப் போகும் வழியில் இளைப்பாறுவது. பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும்.

சுவர் ஓட்டையில் கொசு மாதிரிக் கறுப்பாக ஏதோ போய்வருகிறது, வாயில் பிசின் குழாய் இருக்கிறது.

கொசுத்தேனீ. கொட்டாது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடாதீர்கள். இது சில நூறு மீட்டர் சுற்றளவுக்குள்தான் இரை தேடும், அதனால் உங்கள் தோட்டத்துப் பூ அதற்குப் பெரிய விஷயம். ஆப்பிரிக்கத் துலிப் மரத்தை மட்டும் நடாதீர்கள். அதன் பெரிய சிவப்புப் பூவுக்குள் இந்தச் சின்னத் தேனீக்கள் செத்துக் கிடக்கும்.

வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. பயமாக இருக்கிறதே?

பூவில் இருக்கும் தேனீ தன் வேலையைத்தான் பார்க்கும். கையால் பிடித்தால், மிதித்தால், கூட்டைக் கலைத்தால்தான் கொட்டும். பூச்செடிகளை நடைபாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், தோட்டத்தில் செருப்புப் போடப் பழக்குங்கள்.

கொட்டிவிட்டால் கொடுக்கைச் சட்டென்று எடுங்கள். நகத்தாலா, கார்டாலா என்று யோசிக்கிற நேரத்தில் விஷம் இறங்கிக்கொண்டிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவி ஐஸ் வையுங்கள், சுண்ணாம்பு வேண்டாம். வீக்கம் ஓரிரு நாள் இருக்கும். மூச்சுத் திணறல், உதடோ முகமோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றல் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். நிறையத் தேனீ கொட்டியிருந்தால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒரு தேனீப் பெட்டி வாங்கி வைத்தால் என்ன?

தேன் வேண்டும், வாராவாரம் திறந்து பார்க்கப் பொறுமை இருக்கிறது என்றால் வையுங்கள். தேனீக்களுக்கு நல்லது செய்வதற்காக என்றால் பெட்டி தேவையில்லை. ஒரு பெட்டியில் ஆயிரக்கணக்கான தேனீக்கள் இருக்கும். நகரத்தில் பூ குறைவான தெருவில் அவை தனித்தேனீக்களின் உணவையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். முதலில் பூ, பிறகு பெட்டி.

வைப்பதானால் இந்தியத் தேனீயாகப் பாருங்கள். 1910களில் திருச்சிப் பக்கம் பாதிரியார் நியூட்டன் நம் தேனீயின் அளவுக்கு வடிவமைத்த பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்ற பெயரிலேயே கிடைக்கிறது. மார்த்தாண்டம் பெட்டியும் உண்டு. ஆனால் மார்த்தாண்டத்தில் கிடைக்கிற தேன் அளவைக் கேட்டுவிட்டு அதே கணக்கை மாடியில் போடாதீர்கள். அங்கே ரப்பர்த் தோட்டங்களின் இளந்தளிரில் சுரக்கும் தேன்தான் பெட்டிகளை நிரப்புகிறது. வாங்குவதற்கு முன் கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் பயிற்சி எடுத்துவிடுங்கள்.

எனக்கு இருப்பது ஒரு பால்கனி, மூன்று தொட்டிக்குத்தான் இடம். நாலாவது மாடி வேறு. பிரயோஜனம் உண்டா?

உண்டு. நாலாவது மாடிக்குத் தாராளமாக வரும். ஒன்றில் துளசி, ஒன்றில் டேபிள் ரோஸ், மூன்றாவதில் பருவத்துக்கு ஏற்ப கொத்தமல்லியோ கடுகோ. நாலு மணி நேரமாவது வெயில் படும் பக்கமாக வையுங்கள். முதல் பூ வந்த அன்றே தேனீயை எதிர்பார்க்காதீர்கள், வழி கண்டுபிடிக்கச் சில நாள் ஆகும்.